தலைசுற்றல் நீடிக்கும்போது: நோய் இன்னதென்று தெரியும் வரை

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்களிலும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரத் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், மாதக்கணக்கில் தலைசுற்றலோடு வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையில் இரண்டு நாள் அடங்கும். பிறகு மீண்டும் வரும். ஒருவர் பித்தம் என்பார், ஒருவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்பார், மற்றொருவர் இரத்தம் குறைவு என்பார். தேனிக்கோ கோட்டயத்துக்கோ மதுரைக்கோ போய் உறுதியான பதிலைப் பெறுவதற்குள் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடைக்காலத்தை விழாமலும், தேவையற்ற மாத்திரைகளில் சிக்காமலும், வேலையையும் வீட்டையும் ஒரேயடியாக விட்டுவிடாமலும் கடப்பது எப்படி என்பதையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. தலைசுற்றல் எப்போது வந்தது, எதைச் செய்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்ற விவரமே பெரும்பாலான நேரங்களில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்கேன் படம் அதற்கு அடுத்தபடிதான். அந்த விவரத்தை நோயாளியையும் வீட்டாரையும் தவிர வேறு யாராலும் சேகரிக்க முடியாது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

தலைசுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், முகமோ ஒரு பக்கக் கை காலோ மரத்துப்போதல், விழுங்க முடியாமை, முன்பு கண்டிராத கடுமையான தலைவலி அல்லது பிடரிவலி ஆகியவற்றில் எது சேர்ந்தாலும், அது மூளையின் பின்பகுதியில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும், யாராவது தாங்கிப் பிடிக்காமல் உட்காரவோ நிற்கவோ முடியாத அளவுக்குத் திடீரெனத் தள்ளாட்டம் வந்தால் அதையும் அவ்வாறே கருத வேண்டும். மூளையின் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குமுளியிலிருந்து கோட்டயம் 100 கிலோமீட்டருக்கு மேல். தேனி அதைவிடப் பக்கம் என்றாலும் மலையிறங்கித்தான் போக வேண்டும். எனவே பொழுது விடியட்டும் என்று காத்திராமல், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் இயங்கும் 108 எண்ணை அழைத்து, பக்கவாதமோ என்று சந்தேகிப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் இறங்கி நேரத்தைக் கழிக்காமல் இருக்க அது உதவும்.

ஒரு காது திடீரெனக் கேட்காமற்போவதும் அவசரமே. காதடைப்பு, சளி என்று விட்டுவிடாமல் அன்றோ மறுநாளோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. நினைவிழந்து விழுதல், நெஞ்சுவலி, இதயம் தாறுமாறாக அடித்தல் ஆகியவை இதயத்தைச் சோதிக்க வேண்டியவை. சீழ் வடியும் காதோடு காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் பக்கத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்த அன்றோ, அடித்த தோட்டத்தில் வேலை செய்த அன்றோ, தலைசுற்றலோடு வாயில் எச்சில் ஊறுதல், அளவுக்கு மீறிய வியர்வை, கண்மங்கல், வயிற்றுவலி, தசைத் துடிப்பு ஆகியவை தோன்றினால் அது மருந்தின் நஞ்சாக இருக்கலாம். உடையைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல வாரங்களாகத் தொடரும் தலைசுற்றலிலும் மருந்தடித்த நாள்களுக்கும் சுற்றல் வந்த நாள்களுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இதை மருத்துவர் கேட்காமல் போகலாம்; நாமே சொல்ல வேண்டும்.

குறிப்பேடு

பழைய முறையில் மருத்துவர்கள், உலகம் சுழல்கிறதா, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று கேட்டு அதை வைத்தே வகை பிரிப்பார்கள். நோயாளியோ இன்று சுழல்கிறது என்பார், நாளை தள்ளுகிறது என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த உணர்வைச் சொல்லில் பிடிப்பது அவ்வளவு கடினம். நேரமும் தூண்டுதலும் அப்படி மாறுவதில்லை. ஆகவே ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி, ஒவ்வொரு முறையும் நான்கைந்து வரி எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதலாம். கைபேசியில் குரலாகப் பதிந்தாலும் போதும். ஒரு குறிப்பு இவ்வாறு இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி:

“காலை 5.40. படுத்தபடியே வலப்பக்கம் திரும்பியபோது வந்தது. இருபது எண்ணுவதற்குள் நின்றது. காதில் இரைச்சல் இல்லை. தலைவலி இல்லை. குமட்டல் மட்டும். எழுந்தபின் அரை மணி நேரம் கால் தரையில் பாவவில்லை. இடப்பக்கம் திரும்பினால் வரவில்லை.”

இந்தச் சில வரிகளைப் படிக்கும் மருத்துவர் அடுத்து என்ன சோதனை செய்ய வேண்டும் என்பதை ஏறத்தாழத் தீர்மானித்துவிடுவார். உட்காதில் தலையின் அசைவை அளக்கும் அரைவட்டக் குழாய்கள் மூன்றும், சாய்வை உணரும் இரு சிறு பைகளும் இருக்கின்றன. கொத்தனாரின் ரசமட்டம் போல ஒரு திரவத்தை நம்பி அவை வேலை செய்கின்றன. பைகளில் ஒட்டியிருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் கடுஞ்சுற்றல் வருகிறது. பி.பி.பி.வி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இது மிகப் பரவலான வகை. அதே நேரத்தில் எளிதில் குணப்படுத்தக்கூடியதும் இதுவே.

இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடித்து, அதோடு ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறனும் குறைந்து மீளுமானால் 1861ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர் விவரித்த நோயை மருத்துவர் நினைப்பார். ஐந்து நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை எப்படி வேண்டுமானாலும் மாறி மாறி வந்து, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் இருட்டறையைத் தேட வைத்தால் ஒற்றைத் தலைவலியைச் சேர்ந்த தலைசுற்றலாக இருக்கக்கூடும். அதே வேளையில் தலை வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை என்பதால்தான் பலருக்கு இது தவறிப்போகிறது. இடைவிடாமல் நாள்கணக்கில் சுற்றி வாந்தியெடுத்துப் பிறகு மெல்லத் தணிந்தால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஆனால் பக்கவாதமும் இதே உருவில் வரக்கூடும் என்பதால் அதை வீட்டில் முடிவு செய்யக் கூடாது. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால், படுத்த நிலையில் ஒரு முறையும் நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்; மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கருவி இருந்தால் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் சொல்வது உங்களுக்கு நீங்களே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்வதற்காக அன்று. எந்த விவரம் முக்கியம் என்று தெரிந்தால்தான் அதைக் கவனிக்கத் தோன்றும். குறிப்பில் மாத்திரை சாப்பிட்ட நேரம், உணவு தவறியது, தூக்கம் கெட்டது, மாதவிலக்கு நாள், சர்க்கரை நோயாளி என்றால் அந்த நேரத்துச் சர்க்கரை அளவு ஆகியவையும் இருக்கட்டும். மலைப்பாதையில் இறங்கும்போது இரு காதும் அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால் எல்லோருக்கும் வருவது; எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். அதைக் காதடைப்பு என்று எழுதி மருத்துவரைத் திசைதிருப்ப வேண்டாம். கீழே இறங்கிச் சில மணி நேரம் ஆகியும் ஒரு காது மட்டும் அடைத்தே இருந்தால் எழுதுங்கள்.

கண்ணைப் படம் பிடித்தல்

மருத்துவர் முன் உட்காரும்போது பெரும்பாலும் தலைசுற்றல் இருக்காது. இந்தச் சிக்கலுக்குக் கைபேசி நல்ல மருந்து. உண்மையான சுழல் உணர்வு இருக்கும்போது கண்மணிகள் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வெடுக்கென்று இழுபடும். எந்தப் பக்கம் இழுக்கிறது, மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா, சுழன்றா என்பது காதா மூளையா என்பதைப் பிரித்தறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவுகிறது.

சுற்றல் வந்ததும் நோயாளியைச் சாய்ந்து உட்கார வைத்தோ படுக்க வைத்தோ, முகத்தில் நல்ல வெளிச்சம் விழும்படி செய்து, இரு கண்களும் திரையை நிறைக்கும் தூரத்தில் கைபேசியைப் பிடியுங்கள். சுற்றல் வந்தால் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். “அம்மா, கொஞ்ச நேரம் கண்ணத் திறந்தே வைங்க, என் மூக்கப் பாருங்க” என்று மகள் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். நேராகச் சில நொடிகள், பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் சில நொடிகள், வலப்பக்கம் சில நொடிகள் பார்க்கச் சொல்ல வேண்டும். தலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் நேரத்தையும் படம் எடுப்பவரே வாயால் சொல்லிப் பதிந்துவிட்டால் பின்னர் குழப்பம் வராது. வாந்தி கடுமையாக இருந்தால் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

எல்லை தாண்டி மருத்துவரைப் பார்க்கும்போது

கேரளத்து மருத்துவர்கள் பலருக்குத் தமிழ் புரியும். ஆனாலும் ஒரு சொல் மட்டும் அடிக்கடி இடறுகிறது. நாம் “மயக்கமா வருது” என்றால் மலையாளக் காதில் அது தூக்கக் கலக்கமாக விழக்கூடும். சுழல்வதைத் “தல கறங்ஙுன்னு” என்றும், நினைவு தப்பியதைப் “போதம் போயி” என்றும் சொல்லிவிட்டால் இரண்டும் கலக்காது. சைகையால் கையைச் சுழற்றிக் காட்டினாலும் வெட்கமில்லை.

இரு மாநிலத்து மருத்துவமனைகளுக்கும் மாறி மாறிப் போகிறவர்களுக்கு இரண்டு கோப்புகள் உருவாகி, ஒன்றில் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் போவது வழக்கம். ஒரே கோப்பில் தேதி வாரியாக எல்லாவற்றையும் அடுக்கி வையுங்கள். ஸ்கேன் குறுந்தகட்டையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சோதனையை மீண்டும் காசு கொடுத்துச் செய்வது அதனால் குறையும். அரசுக் காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது என்பதையும், அது எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதையும் புறப்படும் முன்பே விசாரித்துவிட வேண்டும். இத்திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. தலைசுற்றலுக்கான சோதனைகளோ பெரும்பாலும் வெளிநோயாளியாகவே செய்யப்படுகின்றன.

போகும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொண்டையூசி வளைவுகளில் பின்னிருக்கை சுற்றலைக் கூட்டும். முன்பக்கம் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பார்த்தபடி வாருங்கள். கைபேசித் திரையைப் பார்க்க வேண்டாம். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். துணையின்றிப் போகவே கூடாது.

மாத்திரைகள்

மருந்துக்கடையில் தலைசுற்று மாத்திரை என்று கேட்டால் சீட்டில்லாமலே கிடைப்பவற்றில் புரோகுளோர்பெரசின், சின்னாரிசின், பீட்டாஹிஸ்டின் ஆகியவை முதன்மையானவை. முதல் இரண்டும் சுற்றலையும் வாந்தியையும் அடக்குபவை. கடும் தாக்குதலின்போது இரண்டு மூன்று நாள் அவை பெரிய ஆறுதல். மாதக்கணக்கில் விழுங்குவதுதான் தவறு. காதிலிருந்து வரும் தவறான செய்திக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அடக்கும் மாத்திரை அந்தப் பழக்கத்தையே தாமதப்படுத்துகிறது. வயதானவர்களுக்கு இவ்விரு மருந்தும் நெடுநாள் போனால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் உண்டாகிப் பார்க்கின்சன் நோய் போலவே தோன்றும்; தள்ளாட்டம் கூடுவதைக் கண்டு இன்னும் ஒரு மாத்திரை கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் இம்மருந்துகளை வாங்காதீர்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, புரோஸ்டேட், தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் தலைசுற்றலை உண்டாக்கலாம். அவற்றை நீங்களே நிறுத்துவது ஆபத்து. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டிவிடுவதே நேர்வழி. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ, கடும் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசியோ போட்டிருந்தால், அது சில ஆண்டுகளுக்கு முன்பு என்றாலும் சொல்லுங்கள். இவை உட்காதின் சமநிலை உறுப்பை இருபுறமும் கெடுக்கவல்லவை. அவ்வாறு கெட்டவர்களுக்குச் சுழல் உணர்வு இருப்பதில்லை; இருட்டில் தள்ளாட்டமும், நடக்கும்போது எதிரில் உள்ளவை குதிப்பது போன்ற தோற்றமும்தான் இருக்கும்.

இஞ்சி, எலுமிச்சை, சுக்குமல்லிக் காப்பி ஆகியவை குமட்டலுக்கு இதம். அவற்றால் கெடுதல் இல்லை. காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதை மட்டும் கைவிட வேண்டும். செவிப்பறையில் துளை இருந்தால் அது உள்ளே போய்ப் புதிய நோயை உண்டாக்கும். வைத்தியசாலையில் வாங்கும் அரிஷ்டங்களில் இயற்கையாக உண்டாகும் சாராயம் உண்டு என்பதால், அவற்றைக் குடித்துவந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். உப்பைக் குறைக்கும்படி சொல்வது மெனியர் நோய்க்கு. நின்றால் அழுத்தம் இறங்குகிறவர் கருவாட்டையும் ஊறுகாயையும் அவசரப்பட்டு நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். காரணம் தெரியும் வரை உணவில் பெரிய மாற்றம் வேண்டாம் என்பதே என் கருத்து.

வீட்டிலும் தோட்டத்திலும்

சுற்றல் வந்த கணத்தில் செய்ய வேண்டியது எளிது: இருந்த இடத்திலேயே உட்காருங்கள், சரிவாக இருந்தால் மலைப்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், அசையாத ஒரு பொருளில் கண்ணை நிறுத்துங்கள். ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வாந்தி நின்றதும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம்.

காலையில் எழுவதற்குத் தனி முறை வேண்டும். பலர் விழுவது அப்போதுதான். விழித்ததும் ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, தொந்தரவு தராத பக்கமாக மெல்லப் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி உட்கார வேண்டும். உட்கார்ந்த நிலையில் இன்னொரு நிமிடம். அப்போது பாதங்களை மேலும் கீழும் ஆட்டினால் காலில் தேங்கிய இரத்தம் மேலேறும். பிறகு எதையாவது பற்றிக்கொண்டு எழுந்து, உடனே நடக்காமல் பத்து எண்ணும் வரை நிற்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒரு கட்டிலோ பெஞ்சோ கிடைத்தால் பெரிய வேறுபாடு தெரியும். தரையிலிருந்து எழுவதில் தலை குனிந்து நிமிர வேண்டியிருப்பதே காரணம். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி ஒன்றை அடித்துவிடுங்கள், உள்ளே தாழிட வேண்டாம், இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சமநிலைக்குக் காது, கண், பாதம் ஆகிய மூன்றும் தேவை. காது தகராறு செய்யும்போது கண்ணையும் இருட்டில் இழந்தால் பாதம் ஒன்றுதான் மிஞ்சும். ஈரத் தரையும் வழுக்கும் செருப்பும் அதையும் பறித்துவிடும்.

வேலையைப் பொறுத்தவரை, காரணம் தெரியும் வரை மூன்று வேலைகளை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. மிளகு பறிக்க ஏணியில் ஏறுவது ஒன்று. அண்ணாந்து பார்ப்பதும் உயரமும் சேரும் அந்த இடத்தில் பத்து நொடிச் சுற்றல் உயிரைக் கொண்டுபோகும். கிணற்றோரமும் ஓடைக்கரையும் இரண்டாவது. வண்டி ஓட்டுவது மூன்றாவது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலேயே, திடீரென நினைவிழத்தலோ தலைசுற்றலோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது; வயிற்றுப்பாட்டுக்காக ஜீப் ஓட்டுகிறவருக்கு இது கசப்பான செய்திதான் என்றாலும், பின்னால் அடைந்து உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் வேறு வழியில்லை.

மற்ற வேலைகளில் சமாளிக்க இடம் உண்டு. ஏலக்காய் பறிப்பதில் செடியின் அடியில் குனிந்து குனிந்து நிமிர வேண்டியிருப்பதால், இடுப்பை வளைத்துத் தலையைத் தொங்கவிடாமல், குத்துக்காலிட்டோ சிறு பலகையில் உட்கார்ந்தோ தலையை நேராக வைத்துப் பறிக்கலாம். காயைப் பிரித்தெடுக்கும் வேலைக்கோ உலர்த்தும் கூடத்துக்கோ சில வாரங்கள் மாற்றிக் கேட்கலாம். மருத்துவர் சீட்டில் குனியும் வேலையும் சரிவில் ஏறும் வேலையும் தவிர்க்கவும் என்று எழுதி வாங்கிக் கொடுத்தால் கங்காணியிடம் வாதாட வேண்டியதில்லை. வெளியே காயமோ கட்டோ இல்லாத நோய் என்பதால் சோம்பேறித்தனம் என்ற பேச்சு வரத்தான் செய்யும். அதற்குக் காகிதம்தான் பதில்.

படுத்தே கிடக்க வேண்டாம்

முதல் ஓரிரு நாள் ஓய்வு சரி. அதற்கு மேல் படுத்தே கிடந்தால் மூளைக்குப் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. காலின் பலமும் குறைகிறது, பயமும் வேரூன்றுகிறது. ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு சமதளத்தில் காலையும் மாலையும் நடப்பது எந்த வகைத் தலைசுற்றலிலும் பொதுவாக நல்லது. நடக்கும்போது கழுத்தை இறுக்கி வைத்துக்கொள்ளாமல் இயல்பாக இருபுறமும் பாருங்கள். கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறோம். வயதானவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும், அதனாலேயே தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது.

இணையக் காணொளியைப் பார்த்து எப்லி முறையை வீட்டில் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் பலர். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த அந்த முறையில், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து வெளியே உருட்டிவிடுகிறார்கள். சரியான ஆளுக்குச் சரியான காதில் செய்தால் ஓரிரு முறையிலேயே குணம் தெரிகிறது. எந்தக் காது, எந்தக் குழாய் என்பது 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த படுக்கைச் சோதனையால் தெரிய வேண்டும். அது தெரியாமல் செய்தால் பயனில்லாமல் போவதோடு, பி.பி.பி.வி. இல்லாதவர் வாரக்கணக்கில் அதையே நம்பிக் காலத்தைக் கழிப்பார். மருத்துவர் ஒரு முறை செய்து காட்டி, மீண்டும் வந்தால் வீட்டில் செய்யுங்கள் என்று சொன்ன பிறகு தயங்காமல் செய்யலாம்.

சோதனைகள்

முதலில் பொது மருத்துவரிடம் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, இ.சி.ஜி., படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் ஆகியவற்றை முடித்துக்கொண்டால் பெரிய மருத்துவமனையில் ஒரு நாள் மிச்சமாகும். அடுத்தது காது மூக்குத் தொண்டைப் பிரிவு. காதில் இரைச்சலோ கேட்கும் திறனில் குறைவோ இருந்தால் ஆடியோகிராம் என்னும் செவித்திறன் சோதனை கட்டாயம். நரம்பியல் மருத்துவர் தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். தலையைப் படக்கென்று திருப்பிக் கண்ணைப் பார்ப்பது, ஒவ்வொரு கண்ணாக மூடித் திறப்பது, படுக்க வைத்துத் தலையைத் தொங்கவிடுவது போன்றவை கருவியில்லாத சோதனைகள். அவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். இவற்றில் எதையும் செய்யாமல் நேரடியாக ஸ்கேனுக்கு அனுப்பினால், படுக்கைச் சோதனை செய்து பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. சி.டி. ஸ்கேனில் சிறுமூளைப் பகுதியின் புதிய பக்கவாதம் பெரும்பாலும் தெரியாது, சி.டி. நார்மல் என்ற ஒரு வரியை வைத்து மூளையில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடையவும் கூடாது, அறிகுறி சொல்லும் தேவை இல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது.

சில இடங்களில் காதுக்குள் 30 டிகிரி, 44 டிகிரி வெப்பமுள்ள நீரையோ காற்றையோ செலுத்திக் கண் அசைவை அளப்பார்கள். சில நிமிடம் சுற்றும், பயப்பட வேண்டாம். வியன்னாவில் காதைக் கழுவும்போது நோயாளிகள் தலைசுற்றுகிறது என்றும் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்றும் முறையிட்டதைப் பொருட்படுத்திக் கேட்ட ராபர்ட் பாரனி, வெந்நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் கண் எதிரெதிர்ப் பக்கம் அசைவதைக் கண்டறிந்தார். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்த வகைச் சோதனைகளுக்கு முன் தலைசுற்றல் மாத்திரைகளை வழக்கமாக 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால், இவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

எல்லாச் சோதனையும் நார்மல் என்று வந்த பிறகும் சுற்றல் தொடர்ந்தால், நோயே இல்லை என்று பொருளாகாது. ஒற்றைத் தலைவலியைச் சேர்ந்த வகைக்கு எந்தக் கருவியிலும் தனி அடையாளம் இல்லை. நோய் வந்த வரலாற்றைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதே போல, மூன்று மாதங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மிதப்பது போலவும் ஆடுவது போலவும் இருந்து, நிற்கும்போதும், சந்தைக் கூட்டத்திலும், ஓடும் பொருள்களைப் பார்க்கும்போதும் கூடும் வகைக்குப் பி.பி.பி.டி. என்று பெயர், அதற்கான வரையறை 2017இல் வெளியாயிற்று. காதில் வந்த சிறு நோய் ஆறிய பிறகும், எச்சரிக்கை நிலையிலேயே மூளை நின்றுவிடுவதால் அது வருகிறது. சமநிலைப் பயிற்சியும், மனநல ஆலோசனையும், சிலருக்கு மனப்பதற்றத்துக்கான மருந்தும் அதற்குப் பலன் தருகின்றன. மனநல மருத்துவரிடம் அனுப்பினால் நம்மைப் பைத்தியம் என்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு சிகிச்சையை விட்டுவிடுபவர்கள், கடைசிக் கட்டத்தில் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிறார்கள்.

நோய்க்குப் பெயர் கிடைத்த அன்றே இவற்றைக் கேட்டு, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், என்ன பயிற்சியை எத்தனை வாரம் செய்ய வேண்டும், ஏணியிலும் வண்டியிலும் எப்போது ஏறலாம், எந்த அறிகுறி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்.